மின்சாரத்தின் கணக்குப்பிள்ளை

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

அரிசியைப் பானையில் இட்டு வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் கம்பியிலேயே சேர்த்து வைக்க இயலாது. தாம்பரத்தில் ஒரு வீட்டில் மின்விசிறியைச் சுழல விட்டால், அதற்கு வேண்டிய மின்சாரம் அந்தக் கணத்திலேயே எங்கோ ஒரு மின் நிலையத்தில் உற்பத்தியாக வேண்டும். பெரிய மின்கல அடுக்குகள் இக்காலத்தில் வந்திருப்பினும், அவை தாங்கக்கூடியது மொத்தத் தேவையில் சிறு பங்கே.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இவ்வளவு பெரிய வரவையும் செலவையும் நொடிதோறும் சரிக்கட்டுவது யார்? முற்காலத்தில் தொலைபேசியும் நோட்டுப் புத்தகமும் கொண்டு மனிதர்களே இதைச் செய்தார்கள். இன்று அவர்களுக்குத் துணையாகக் கணிப்பொறி என்னும் கணக்குப்பிள்ளை அமர்ந்திருக்கிறார். அவர் எவ்வாறு கணக்குப் பார்க்கிறார், எந்த இடத்தில் அவருடைய கணக்கு நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஐம்பது என்னும் எண்

நம் வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு ஐம்பது சுற்றுகள் செய்கிறது. இதையே 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்கிறோம். மின் தொகுப்பில் இணைந்துள்ள பெரிய மின்னாக்கிகள் அனைத்தும் ஒரே தாளத்துக்குச் சுழல்கின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பதை இதற்கு ஒப்பிடலாம். வடத்தைப் பிடித்தவர்கள் பலர், தேர் ஒன்று, அதன் வேகமும் ஒன்று. மேடு வந்தால் தேர் தயங்கும். இன்னும் சிலர் கை கொடுத்தால் பழைய வேகத்துக்கு வரும். பள்ளம் வந்தால் தேர் தானாகவே முந்தும். அப்போது முட்டுக்கட்டை போட வேண்டும்.

அதுபோலவே, மக்கள் எடுக்கும் மின்சாரம் உற்பத்தியைவிட மிகுந்தால் அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கும். குறைந்தால் மேலே ஏறும். இந்தியாவில் இதை 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மிகவும் இறங்கினால், துணை மின் நிலையங்களில் உள்ள ரிலே என்னும் காவல் கருவிகள் யாரையும் கேளாமல் சில ஊர்களுக்குச் செல்லும் மின் பாதைகளைத் துண்டித்துவிடும். அப்படியும் அதிர்வெண் தேறாவிடில், தவறான வேகத்தில் சுழன்று கெடாமலிருக்க மின் நிலையங்களே தொகுப்பிலிருந்து விலகிக்கொள்ளும். இழுப்பவர்கள் வடத்தை விட்டுவிட்டால் தேர் என்னாகும்? மற்றவர்களின் பாரம் கூடும், அவர்களும் விடுவார்கள். நாடு முழுவதும் இருள்வது இப்படித்தான்.

தாம்பரத்துக்கு வரும் பாதை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாலும், கல்பாக்கத்தில் அணு ஆற்றலாலும், தென் மாவட்டங்களில் காற்றாலும் பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகள் வழியே பயணம் செய்கிறது. தாம்பரத்தில் 230 கிலோவோல்ட் துணை மின் நிலையம் ஒன்று உள்ளது. 230 கிலோவோல்ட் என்பது 2,30,000 வோல்ட். அது 110, 33, 11 கிலோவோல்ட் எனப் படிப்படியாக இறங்கி, தெருமுனை மின்மாற்றியைக் கடந்து வீட்டுக்குள் நுழையும்போது 230 வோல்ட்டாக இருக்கிறது. சரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு!

இத்தகைய நிலையங்களில் மின்னழுத்தம் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு, எந்த பிரேக்கர் மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்பவற்றைக் கருவிகள் அளந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்வு மையத்துக்கு அனுப்புகின்றன. அதற்கு மேலே தென் மாநிலங்களுக்கான மையம் பெங்களூரில் உள்ளது. அதற்கும் மேலே புதுதில்லியில் தேசிய மையம் 2009-இல் அமைந்தது. இவ்வாறு தொலைவிலிருந்தே பார்க்கவும் இயக்கவும் உதவும் ஏற்பாட்டுக்கு ‘ஸ்காடா’ என்று பெயர்.

வரும் அளவுகள் எல்லாம் உண்மையாகவே இருக்கும் என்று நம்பலாமா? நம்பக்கூடாது. கருவியும் பொய் சொல்லும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நிலையத்துக்குள் 120 மெகாவாட் வருகிறது. அங்கிருந்து இரண்டு கம்பிகளில் 70-உம் 80-உம் வெளியே போகின்றன என்று கருவிகள் கூறுகின்றன. வந்தது 120, போனது 150. இது நடக்காத காரியம். உடனே கணிப்பொறி அக்கம்பிகளின் மறுமுனைகளை விசாரிக்கிறது. முதற் கம்பியின் மறுமுனையில் 70 என்றே இருக்கிறது. இரண்டாவதன் மறுமுனையில் 50 என்று இருக்கிறது. ஆகவே 80 என்று சொன்ன கருவியே பழுது. வழியில் வீணாகும் சிறு இழப்பை இங்கே விட்டுவிட்டேன். ஆயிரக்கணக்கான அளவுகளை இப்படி ஒன்றோடொன்று மோதவிட்டு மெய்யைத் தேர்ந்தெடுக்கும் முறையை மின் தொகுப்புக்கு 1970-இல் வகுத்துத் தந்தவர் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரெட் ஷ்வெப்பி என்பவர்.

நம் வகுப்புக் கணக்கு

இப்போது நாமே ஒரு சிறு மின் தொகுப்பை ஆராய்வோம். பென்சிலும் தாளும் போதும்.

அ, ஆ, இ என்று மூன்று நிலையங்கள் ஒரு முக்கோணம்போல் மூன்று கம்பிகளால் இணைந்துள்ளன. மூன்றும் ஒரே வகையான, ஒரே நீளமுள்ள கம்பிகள். ‘அ’ என்பது தொலைவிலுள்ள மின் நிலையம். ‘இ’ என்பது நகரம். ‘ஆ’ வழியிலுள்ள சந்திப்பு மட்டுமே. ‘அ’விலிருந்து ‘இ’க்கு 300 மெகாவாட் போக வேண்டும். ஒவ்வொரு கம்பியும் 250 மெகாவாட்தான் தாங்கும்.

மின்சாரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேர் வழி. மற்றொன்று ‘ஆ’ வழியாகச் சுற்றிச் செல்லும் வழி. அதன் நீளம் இரு மடங்கு. பக்க இணைப்பில் உள்ள இரு மின்தடைகளைப்பற்றி இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறோம். தடை இரு மடங்கான வழியில் பாதி மின்னோட்டமே செல்லும். ஏறத்தாழ அதே கணக்குத்தான் இங்கும். நேர் வழியில் 200 மெகாவாட்டும் சுற்று வழியில் 100 மெகாவாட்டும் செல்லும். இரண்டும் 250-க்கு உட்பட்டவையே. எல்லாம் நலம் என்று தோன்றுகிறதல்லவா?

ஆனால் கணிப்பொறி இன்னொரு கேள்வி கேட்கும்: “நேர்க் கம்பி அறுந்தால்?” அந்த நொடியே 300 மெகாவாட்டும் சுற்று வழியில் பாயும். 250 தாங்கும் கம்பியில் 300! காவல் கருவி அதையும் துண்டித்துவிடும். நகரம் முழுவதும் இருண்டுபோகும். ஆகவே இப்போது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தாலும் இத்தொகுப்பு பாதுகாப்பானது அன்று.

இதற்குப் பரிகாரம் என்ன? நகரத்திலேயே உள்ள ஒரு சிறு மின் நிலையத்தில் 60 மெகாவாட் உற்பத்தி செய்தால், தொலைவிலிருந்து 240 மட்டும் வந்தால் போதும். நேர் வழியில் 160. சுற்று வழியில் 80. நேர்க் கம்பி அறுந்தாலும் சுற்று வழியில் 240-தான் பாயும். கம்பி தாங்கிவிடும். நகரத்து மின்சாரம் விலை அதிகமாக இருந்தாலும் அதை ஓட்டவேண்டிய காரணம் இதுவே. “ஏதேனும் ஒன்று போனாலும் மற்றவை தாங்க வேண்டும்” என்பது மின் பொறியாளர்களின் பொன்விதி.

மூன்று நிலையங்களுக்கு நாம் மனக்கணக்காகவே செய்துவிட்டோம். தமிழ்நாட்டில் உயர் அழுத்த நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மேலும் உண்மையான மின் சமன்பாடுகள் நாம் தீர்க்கும் நேரியல் சமன்பாடுகளைப் போன்றவை அல்ல. அவற்றில் மின்னழுத்தங்களின் பெருக்கற்பலனும் கோணங்களின் சைன் மதிப்பும் வருகின்றன. ஆகவே கணிப்பொறி முதலில் ஒரு விடையை உத்தேசமாக எடுத்துக்கொள்கிறது. சமன்பாட்டில் இட்டுப் பார்க்கிறது. பிழையைக் கண்டு திருத்துகிறது. மறுபடியும் இட்டுப் பார்க்கிறது. சில சுற்றுகளிலேயே விடை கிடைத்துவிடும். இதற்கு நியூட்டன்–ராப்சன் முறை என்று பெயர்.

இம்முறையைப் பெரிய மின் தொகுப்புகளுக்கும் ஏற்றதாக்கி 1967-இல் வெளியிட்டவர்கள் டின்னி, ஹார்ட் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள். ஒவ்வொரு நிலையமும் பக்கத்திலுள்ள இரண்டு மூன்று நிலையங்களுடன்தான் இணைந்திருக்கும். எனவே அணியில் பெரும்பாலான உறுப்புகள் பூச்சியமாகவே இருக்கும். பூச்சியங்களைப் பெருக்கி வீணாகாமல் தாண்டிச் சென்றதே அவர்கள் முறையின் வெற்றிக்கு முக்கியக் காரணம். அந்நாளில் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும்; நினைவகமோ மிகச் சிறிது. நம் தாம்பரம்–கடற்கரை ரயில் பாதையில் உள்ள கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.க்கு 1973-இல் வந்த ஐ.பி.எம். 370 கணிப்பொறியும் அத்தகையதே. துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலம் அது.

தொகுப்பு சரிந்த நாள்கள்

பொன்விதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாடே சான்று. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30 அதிகாலையில் மத்தியப் பிரதேசத்தின் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை அளவுக்கு மீறிய சுமையால் துண்டிக்கப்பட்டது. சுமை மற்றக் கம்பிகளுக்குத் தாவியது. அவையும் ஒவ்வொன்றாக விலகின. வட மாநிலங்கள் இருண்டன. மறுநாள் நண்பகல் அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றித் தவித்தார்கள். ரயில்கள் நின்றன. சுரங்கங்களில் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

தமிழ்நாடு அன்று தப்பியது. தென் மாநிலத் தொகுப்பு அப்போது வடக்குடன் நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது. அதாவது மின்சாரத்தை வாங்கினோம், கொடுத்தோம். ஆனால் ஒரே வடத்தைப் பிடிக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்தபின் நாடு முழுவதும் ஒரே தேர். அதனால் நமக்கு நன்மை மிகுதி, பொறுப்பும் மிகுதி. பஞ்சாபில் ஏற்படும் அதிர்ச்சியை இன்று தாம்பரத்திலும் அளக்கலாம்.

கணிப்பொறியே காலை வாரியதும் உண்டு. 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து கோடி மக்கள் இருளில் மூழ்கினார்கள். ஒஹாயோ மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய கணிப்பொறி நிரல் பிற்பகலில் ஓசையின்றி நின்றுபோயிருந்தது. சுமையால் சூடேறித் தொய்ந்த கம்பிகள் வெட்டப்படாத மரக்கிளைகளில் உரசி ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டிருந்தன. மணி அடிக்காததால் எல்லாம் நலம் என்றே அறையிலிருந்தவர்கள் எண்ணினார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் தொகுப்பே சரிந்தது.

ஒன்பது நிமிட இருள்

கணிப்பொறியும் மனிதரும் சேர்ந்து பெற்ற ஒரு வெற்றியையும் சொல்லவேண்டும். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு நாட்டு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். நாம் அகல் விளக்கு ஏற்றி வாசலில் நின்றோம். மின் பொறியாளர்களுக்கோ அது பெரும் சோதனை. கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்கு அணைந்து, ஒரே நேரத்தில் எரிந்தால்? தேர் ஒரு பள்ளத்தில் இறங்கி உடனே மேட்டில் ஏறுவதுபோல.

முன்கூட்டிப் போட்ட கணக்கின்படி 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையில் குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கும் மேல்! கணக்கைப்போல இரு மடங்கிற்கும் அதிகம். ஆயினும் தொகுப்பு விழவில்லை. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. நொடியில் கூட்டவும் குறைக்கவும் கூடிய நீர்மின் நிலையங்களைத் தயாராக வைத்திருந்ததும், அவற்றில் 17,000 மெகாவாட்டுக்கு மேல் குறைத்துப் பின் மீண்டும் கூட்டியதும் முக்கியக் காரணங்கள். கணக்கு தவறக்கூடும் என்று எண்ணிக் கையில் கூடுதலாக வைத்திருந்த மனிதரின் முன்யோசனையே அன்று காப்பாற்றியது.

காற்றும் வெயிலும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதிகளில் அக்காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனால் காற்று நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டதா? வேண்டும்போது வராது, வேண்டாதபோது பெருகும். தெற்கே பிறக்கும் அம்மின்சாரம் சென்னைக்கு வர ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடக்க வேண்டும். வழியிலுள்ள கம்பிகள் தாங்காவிட்டால், முக்கோணக் கணக்கில் கண்டதுபோல, காற்று வீசினாலும் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல நேரிடும். செலவின்றிக் கிடைத்த ஆற்றல் வீணாகும்.

சூரிய மின்சாரமோ மாலையில் மறையும். அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும். இந்த இடைவெளியை நிரப்பக் கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று உதவுகிறது. மின்சாரம் மிகுந்த வேளையில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று தீர்மானிக்க நாளைய காற்றையும் வெயிலையும் மக்கள் தேவையையும் இன்றே கணிக்க வேண்டும். இது கணிப்பொறியின்றி நடவாத காரியம்.

கணிப்பொறி அறியாதவை

மின்சாரம் போதாதபோது யாரை இருளில் விடுவது? 2012-இல் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு இருந்தபோது சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வெட்டு. பிற மாவட்டங்கள் பலவற்றில் பத்து மணி நேரத்துக்கும் மேல். எத்தனை மெகாவாட் குறைக்கவேண்டும் என்று கணிப்பொறி சொல்லும். தேர்வுக்குப் படிக்கும் கிராமத்து மாணவியின் விளக்கா, நகரத்துக் கடையின் அலங்கார விளக்கா என்று அது கேட்பதில்லை. அந்தத் தராசு மனிதர் கையில் இருக்கிறது.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போகாமலிருக்கப் பல இடங்களில் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். தெருமுனை மின் பெட்டியை வெள்ளம் எட்டிவிட்டதா என்பதை அங்கு நின்றவர்தாம் சொல்ல முடியும்.

அதே டிசம்பர் மாதம் 23-ஆம் நாள் உக்ரைன் நாட்டில் வேறொரு விபரீதம் நடந்தது. விஷமிகள் மின் நிறுவனங்களின் கணிப்பொறிகளுக்குள் புகுந்து தொலைவிலிருந்தே பிரேக்கர்களைத் திறந்துவிட்டார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. ஊழியர்கள் துணை மின் நிலையங்களுக்கு ஓடிச் சென்று, கையாலேயே பிரேக்கர்களை மூடி, சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள். கையால் இயக்கத் தெரிந்தவர்கள் இல்லாதிருந்தால்?

முடிவுரை

தோழியரே! கணிப்பொறி நல்ல கணக்குப்பிள்ளை. ஆனால் கம்பி 250 மெகாவாட் தாங்கும் என்று அது நம்புவதெல்லாம் ஏட்டில் எழுதியிருப்பதை வைத்துத்தான். அந்தக் கம்பிக்குக் கீழே வேப்பங்கிளை வளர்ந்திருந்தால் ஏட்டுக் கணக்குப் பொய்த்துவிடும். ஒஹாயோவில் நடந்தது அதுவே.

“பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை” என்று நாளேட்டில் சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என ஊர்ப்பெயர்களைக் காணும்போது நாம் முணுமுணுக்கிறோம். அன்றைக்குத்தான் ஒருவர் வெயிலில் கம்பத்தின்மேல் ஏறிக் கிளைகளை வெட்டி, தளர்ந்த இணைப்புகளை இறுக்கி, கணிப்பொறியின் கணக்கை மெய்யாக்கிக்கொண்டிருக்கிறார். நம் தெருவில் கம்பியில் கிளை உரசுவதைக் கண்டால், அருகே செல்லாமல், பெரியவர்கள் மூலம் மின் வாரிய அலுவலகத்துக்குத் தெரிவிப்போம். கணிதமும் இயற்பியலும் நன்கு பயின்று, நம்மில் சிலரேனும் நாளை அந்தக் கட்டுப்பாட்டு அறையில் அமர்வோம். அங்கே அமரும்போது மணி அடிக்கவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாமல், அது ஏன் அடிக்கவில்லை என்றும் கேட்போம்.